ஹிஸ்டரி இல்லாத மாடல்: ஜி.டி. நாயுடுவின் கதை

போன மாசம் ப்ராஜெக்ட் ரிவ்யூவில நடந்த கூத்து இது. எங்க டீமுக்கு ஒரு கியர்பாக்ஸ் ஹவுசிங் தேவைப்பட்டுச்சு. யாரு உட்கார்ந்து வரையறதுன்னு நெட்ல ஒரு ஸ்டெப் ஃபைல் இறக்கினோம். சாலிட்வொர்க்ஸ்ல திறந்து, கலர் மாத்தி, நாலு ரெண்டர் எடுத்து ஸ்லைடுல ஒட்டிட்டோம். பாக்க அம்சமா இருந்துச்சு. ரிவ்யூவுக்கு வந்த சார் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். பேரிங் உட்கார்ற துளையோட விட்டத்தை 2 மி.மீ. கூட்டிக் காட்டச் சொன்னார்.

இடது பக்கம் ஃபீச்சர் ட்ரீயைப் பார்த்தேன். ஸ்கெட்ச் இல்ல. எக்ஸ்ட்ரூட் இல்ல. ஃபில்லெட் இல்ல. இம்போர்ட்டட்னு ஒரே ஒரு வரி. எங்க டபுள் கிளிக் பண்றதுன்னே தெரியல. நாலு வருஷம் படிச்சவன், 2 மி.மீ. மாத்தத் தெரியாம ஏசி லேப்ல வேர்த்து நின்னேன்.

மெக்கானிக்கல் இல்லாத நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சாலிட் மாடலை எடிட் பண்ண ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, அந்த மாடல் எப்படி உருவாச்சோ அந்த வரிசையைப் பிடிச்சுப் போறது. முதல்ல ஒரு வட்டம் வரைஞ்சாங்க, அதை இழுத்து உருளை ஆக்கினாங்க, அப்புறம் துளை போட்டாங்கன்னு எல்லாம் ட்ரீயில பதிவாகி இருக்கும். ஒரு அளவை மாத்தினா அதை நம்பி இருக்கிற எல்லாம் கூடவே மாறும். 1988-ல ப்ரோ-இன்ஜினியர் சாஃப்ட்வேர் வந்த பிறகு உலகமே இந்த முறைக்கு மாறுச்சு. ரெண்டாவது வழி, ஹிஸ்டரியே இல்லாத மாடல்ல நேரா கை வைக்கிறது. ஸ்டெப் ஃபைல்ல வடிவம் வரும், அது எப்படிப் பிறந்துச்சுங்கிற கதை வராது. அங்க ஒரு முகத்தைப் பிடிச்சு நகர்த்தணும், தேவையில்லாததை நீக்கணும், பக்கத்து முகங்கள் நீண்டு வந்து சேருதான்னு பார்க்கணும். வரைஞ்சவர் என்ன நினைச்சு வரைஞ்சார்னு நாமதான் கண்டுபிடிக்கணும்.

அந்த வாரக் கடைசியில பெருந்துறையில இருந்து கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். அவிநாசி ரோட்டுல ஹோப் காலேஜ் ஸ்டாப் வந்துச்சு. எத்தனையோ தடவை கடந்து போன ஸ்டாப்தான். ஆனா இங்க ஹோப் காலேஜ்னு ஒரு காலேஜ் எங்க இருக்குன்னு அன்னைக்குத்தான் யோசிச்சேன். போன்ல தேடினா ஜி.டி. நாயுடுகிட்ட கொண்டுபோய் விட்டுச்சு. 2025-ல அதே ரோட்டுல திறந்த பெரிய மேம்பாலத்துக்கும் அவர் பேருதான். பேரு எல்லாருக்கும் தெரியும். ஆளை எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் தேதி சூலூர் பக்கத்துல இருக்கிற கலங்கல் கிராமத்துல பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்னக் குழந்தையா இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரல. ஆரம்ப வகுப்புகளோட படிப்பு முடிஞ்சு போச்சு. அப்புறம் காடு, தோட்டம், ஏர்தான் வாழ்க்கை. இப்படியே போயிருந்தா அவரைப் பத்தி நான் எழுத ஒண்ணும் இருந்திருக்காது.

இருபது வயசு இருக்கும்போது ஒரு வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி மோட்டார் பைக்ல வந்ததைப் பார்த்தார். அது 1912 மாடல் ரட்ஜ். மாடும் குதிரையும் இழுக்காம ஒரு வண்டி தானா ஓடுறதைப் பார்த்தவருக்கு அதுக்கப்புறம் தோட்டத்துல கால் நிக்கல. கோயம்புத்தூருக்கு வந்து ஹோட்டல்ல சப்ளையர் வேலைக்குச் சேர்ந்தார். கிடைச்ச வேலை எல்லாம் செஞ்சு காசு சேர்த்து கடைசியில ஒரு மோட்டார் பைக்கை வாங்கியே விட்டார்.

நாமா இருந்தா என்ன செஞ்சிருப்போம்? பழனி ரோட்டுல ஒரு ரைடு போயிருப்போம். அவர் வண்டியை அக்கு அக்கா பிரிச்சுப் போட்டார்.

இந்த இடத்தை நான் ரெண்டு மூணு தடவை படிச்சேன். ஏன்னா அந்த பைக், எங்க டீம் இறக்கின ஸ்டெப் ஃபைல் மாதிரிதான். இங்கிலாந்துல யாரோ டிசைன் பண்ணி, யாரோ செஞ்சு, கப்பல்ல வந்து இறங்கின ஒரு முழு வடிவம். டிராயிங் கையில இல்ல. அந்த ஊர் பாஷையில சொல்லிக் கொடுக்க வாத்தியார் இல்ல. இம்போர்ட்டட்னு ஒரே வரி. பிரிக்கிறதுதான் அவருக்கு இருந்த ஒரே வழி. கடைசியா மாட்டின பாகம் முதல்ல கழலும், முதல்ல மாட்டினது கடைசியில கழலும். அப்படிப் பிரிச்சுக்கிட்டே போனா அந்த வண்டி எந்த வரிசையில பிறந்துச்சுன்னு கை சொல்லும். சாலிட்வொர்க்ஸ்ல ரோல்பேக் பாரை ஒவ்வொரு படியா மேல இழுத்தா மாடல் பின்னோக்கிப் போகுமே, அதை அவர் ஸ்பேனரை வச்சு செஞ்சார். இல்லாத ஹிஸ்டரியை அவரே எழுதிக்கிட்டார். பிரிச்சுப் பார்த்தவர் அப்புறம் மெக்கானிக் ஆனார்.

1920-ல ஒரே ஒரு பஸ்ஸோட தொழில்ல இறங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஓடின பஸ் அது. சில வருஷத்துல யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்னு, யு.எம்.எஸ்.னு சுருக்கமா சொல்லுவாங்க, பெரிய கம்பெனியா வளர்ந்துச்சு. வண்டி வாங்கி ஓட்டுறவங்க நிறைய பேர் இருந்தாங்க. வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச முதலாளி எத்தனை பேர் இருந்திருப்பாங்க? ரோட்டுல பஸ் நின்னா வெளிநாட்டுல இருந்து ஆள் வர வரைக்கும் காத்திருக்க முடியாது. அந்த ஊர்ல, அந்த வெயில்ல, கையில இருக்கிற சாமானை வச்சு ஓட வைக்கணும். பிரிச்சுப் பழகின கைக்குத்தான் அது வரும்.

அடுத்தது மோட்டார். 1937-ல பீளமேட்டுல அவரோட நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸ்ல மின்சார மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுல செஞ்ச முதல் மோட்டார்னு அதைச் சொல்லுவாங்க. இதுல அவரோட சேர்ந்து உழைச்சவர் டி. பாலசுந்தரம் நாயுடு. அவர் பின்னாடி டெக்ஸ்டூல் கம்பெனியை உருவாக்கினார். இன்னைக்கு நம்ம ஊர் கிணத்துல இருக்கிற மோட்டாரைத் தூக்கிப் பாருங்க, பெரும்பாலும் கோயம்புத்தூர்னு எழுதியிருக்கும். அந்த வரிக்கு ஆரம்பப் புள்ளிகள்ல ஒண்ணு அந்த பீளமேடு பட்டறை.

அவர் செஞ்சதா சொல்ற சாமான் லிஸ்ட்டைப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். ரொம்ப மெலிசான ஷேவிங் பிளேடு. ட்ரை செல்லுல ஓடுற ரசன்ட் ரேசர். பழச்சாறு பிழியற கருவி. மண்ணெண்ணெய்ல ஓடுற ஃபேன். சினிமா கேமராவுக்கு தூரத்தைச் சரி பண்ற கருவி. தில்லுமுல்லு பண்ண முடியாத ஓட்டுப் பதிவு மெஷின். இதுல பலதும் உலகத்துல ஏற்கனவே ஏதோ ஒரு உருவத்துல இருந்த சாமான்தான். அவர் வெத்து ஸ்கிரீன்ல முதல் கோடு போட்டவர் இல்ல, கையில கிடைச்ச மாடலை எடிட் பண்ணவர். பிளேடுல கை வச்சது தடிமன்ல. ஃபேன்ல கை வச்சது எரிபொருள்ல, ஏன்னா அன்னைக்கு முக்காவாசி வீட்டுக்கு கரண்ட் கிடையாது. எந்த முகத்தை நகர்த்தினா நம்ம ஊருக்குப் பயன்படும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எடிட் பண்றதுல பாதி வேலை அந்த முகத்தைத் தேர்ந்தெடுக்கிறதுதான்.

விலையும் அவருக்கு ஒரு டைமென்ஷன்தான். 1941-ல அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும்னு அறிவிச்சார். 1952-ல ரெண்டு பேர் உட்கார்ற பெட்ரோல் கார் ஒண்ணு வந்துச்சு, விலை 2,000 ரூபாய். ஆனா அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கல. உற்பத்தி நின்னு போச்சு. எந்த கார்ல எந்த நட்டைக் கழட்டணும்னு தெரிஞ்ச மனுஷருக்கு, ஒரு ஆபீஸ் ஃபைல்ல இருந்த ஒரு வரியைக் கழட்ட முடியல. அந்த ட்ரீ வேற யாரோ கையில பூட்டி இருந்துச்சு.

இப்ப ஹோப் காலேஜுக்கு வர்றேன். 1945-ல அவரோட முயற்சியிலயும் நன்கொடையிலயும் கோயம்புத்தூர்ல ஒரு பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் வந்துச்சு. அப்போ மெட்ராஸ் கவர்னரா இருந்த ஆர்தர் ஹோப் பேரை வச்சாங்க. ஆரம்பப் பள்ளியோட நின்ன நாயுடு அதுக்கு பிரின்சிபால் ஆனார். உட்கார்ந்ததும் அவர் கண்ணுல பட்டது நாலு வருஷப் படிப்பு. இது நேர விரயம், ரெண்டு வருஷம் தாராளமா போதும்னார். ஒவ்வொரு துறைக்கும் சின்னச் சின்னப் படிப்புகளா பிரிச்சுக் கொடுக்கலாம்னு யோசனை சொன்னார். பைக்கைப் பிரிச்ச மாதிரி சிலபஸையும் பிரிச்சுப் போட்டுப் பார்த்திருக்கார். வெள்ளைக்கார அரசு ஒத்துக்கல. அவர் பதவியை விட்டு வெளியே வந்துட்டார். காலேஜ் அப்புறம் இடம் மாறி, பேரும் மாறி, இன்னைக்கு கவர்ன்மென்ட் காலேஜ் ஆஃப் டெக்னாலஜி, நாம ஜி.சி.டி.ன்னு சொல்றது. பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் பழைய பேரு ஒட்டிக்கிச்சு. அசல் ஃபீச்சரை நீக்கின பிறகும் மாடல்ல தங்கிப் போற ஒரு முகம் மாதிரி.

ரெண்டு வருஷம் போதும்கிறதை நான் அப்படியே ஏத்துக்கல. மேத்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எல்லாம் ஊறுறதுக்கு நேரம் வேணும்னுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனா எட்டாவது செமஸ்டர்ல 2 மி.மீ. மாத்தத் தெரியாம நின்னவனுக்கு அவரை எதிர்த்துப் பேச வாய் வருமா? அவர் கேட்டது எத்தனை வருஷம்ங்கிற கணக்கு மட்டும் இல்ல. அத்தனை வருஷத்துல நீ எதைப் பிரிச்சுப் பார்த்தேங்கிறதுதான் கேள்வி.

கடைசி வரைக்கும் அவர் சும்மா இருக்கல. பருத்தி, பப்பாளின்னு செடிகளையும் விட்டு வைக்கல, ஆராய்ச்சி பண்ணார். அவிநாசி ரோட்டுல கோபால் பாக்ல தொழிற்கண்காட்சி வச்சார். இயந்திரத்தைப் பக்கத்துல நின்னு பார்க்கிற வாய்ப்பு ஊர்ப் பிள்ளைங்களுக்கும் கிடைக்கணும்னு நினைச்சிருக்கார், ஒரு காலத்துல தூரத்துல நின்னு அந்த பைக்கைப் பார்த்த பையன் ஆச்சே. 1974 ஜனவரி 4-ஆம் தேதி இறந்தார். அப்போ அவருக்கு வயசு 80.

ஞாயித்துக்கிழமை ராத்திரி ரூமுக்கு வந்து அந்த ஹவுசிங்கை மறுபடி திறந்தேன். மூவ் ஃபேஸ் கமாண்டைத் தேடி எடுத்தேன். துளையோட உள் முகத்தை செலக்ட் பண்ணி 1 மி.மீ. ஆஃப்செட் கொடுத்தேன். ஆரத்துல 1 கூடினா விட்டத்துல 2. பத்து செகண்ட்ல மாறிடுச்சு. இதுக்கா அன்னைக்கு வேர்த்தேன்னு சிரிப்பு வந்துச்சு. அப்புறம்தான் அளந்து பார்த்தேன். பழைய துளை 47, இப்ப 49. பேரிங் கேட்டலாகை எடுத்தேன். 6204 பேரிங்கோட வெளி விட்டம் 47. அடுத்த 6205-க்கு 52. நடுவுல 49-ன்னு ஒண்ணு அந்த வரிசையிலயே இல்ல. நான் செஞ்ச துளையில உட்கார எந்த பேரிங்கும் கிடையாது.

சார் என் சாஃப்ட்வேர் அறிவைச் சோதிக்கல. அந்த 47 ஏன் 47-ஆ இருக்குன்னு எனக்குத் தெரியுமான்னு பார்த்திருக்கார்.

அந்த ஃபைலை மூடிட்டேன். எங்க டிபார்ட்மென்ட் வொர்க்‌ஷாப் மூலையில ஒரு பழைய கியர்பாக்ஸ் கிடக்கு. லேப்ல இருக்கிற அண்ணாகிட்ட கேட்டு, கழட்ட பர்மிஷன் வாங்கியாச்சு. நாளைக்கு நாலு பேரும் ஸ்பேனரும் வெர்னியரும் எடுத்துக்கிட்டுப் போறோம். கழலுற வரிசையை நோட்டுல எழுதிக்கிட்டே போகணும்னு பேசி வச்சிருக்கோம். அடுத்த ரிவ்யூ வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை ட்ரீயில ஒவ்வொரு வரியும் நாங்க போட்டதா இருக்கும்.