கிந்தாக் களைக்குப் பிறந்த பூ
(ஆக்னஸ் ஜோவாக்கிம் அம்மையாரின் வாழ்க்கை)



பரிசளிப்பு விழாவுக்கு மலர் வெளியிடுகிறோம். அந்த மலரில் உண்மையான ஒரு மலரின் கதையைச் சொன்னால் என்ன என்று தோன்றியது. அதுவும் நம்ம பேராக் மண்ணுக்கு உறவுள்ள மலர். அதை உண்டாக்கியவர் ஓர் அம்மையார். அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் பெயரை நாட்டு மக்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம், வாங்க.

புதுப் பூ எப்படிப் பிறக்கிறது?

பூச்செடிக் கடைக்குப் போனால் ரோஜாவிலேயே எத்தனை நிறம் காட்டுகிறார்கள்! அத்தனையும் காட்டில் தானாக முளைத்தவையா? இல்லை. ஒரு ரோஜாவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு ரோஜாவின் சூல்முடியில் வைத்து, காய் பிடித்ததும் விதை எடுத்து, முளைக்கப் போட்டு, பொறுமையாகக் காத்திருந்து யாரோ பெற்றெடுத்த பிள்ளைகள் அவை. இதைக் கலப்பினம் என்பார்கள்.

ஆர்க்கிட் பூவில் இந்த வேலை இன்னும் கடினம். அதன் மகரந்தம் தூளாக இருக்காது. மெழுகு உருண்டை போல ஒட்டிக்கொண்டிருக்கும். தீக்குச்சி முனையால் மெல்ல எடுக்க வேண்டும். ஒரு காயில் லட்சக்கணக்கான விதைகள் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தூசிதான். நெல்லுக்குள்ளும் அவரைக்குள்ளும் முளைக்கு வேண்டிய உணவு இருக்கிறதே, அது ஆர்க்கிட் விதைக்குக் கிடையாது. மண்ணிலும் மரப்பட்டையிலும் உள்ள ஒரு வகைப் பூஞ்சைதான் அதற்குச் சோறு ஊட்டுகிறது. கண்ணாடிக் குப்பியில் உணவு கலந்து விதையை முளைக்க வைக்கும் முறை 1922-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு விதை முளைத்துப் பூத்தால் அது பெரிய பாக்கியம். அந்தக் காலத்தில்தான் நம் அம்மையார் இந்த வேலையில் இறங்கினார்.

பிறப்பும் குடும்பமும்

ஆக்னஸ் ஜோவாக்கிம் 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். குடும்பம் அர்மேனியக் குடும்பம். அர்மேனியர் என்றால் யார் என்று கேட்பீர்கள். சென்னையில் அவர்கள் குடியிருந்த தெரு இன்றும் இருக்கிறது. அர்மேனியன் தெரு என்ற பெயர் நம் மக்கள் வாயில் புகுந்து அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது! பினாங்கில் கடலோரமாக நிற்கும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலைத் தொடங்கிய சார்க்கிஸ் சகோதரர்களும் அர்மேனியர்களே. எண்ணிக்கையில் குறைந்தவர்கள், வாணிபத்தில் கெட்டிக்காரர்கள்.

வீட்டில் பதினொரு பிள்ளைகள். பெண் பிள்ளைகளில் ஆக்னஸ்தான் மூத்தவர். 1872-இல் தகப்பனார் காலமானார். அப்போது ஆக்னஸுக்கு 18 வயது. மூத்த பெண் என்றால் வீட்டுச் சுமை எப்படி இருக்கும் என்று நம் தோட்டத்துப் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சகோதரர்களில் ஒருவர் வழக்கறிஞராகிச் சட்டமன்றத்திலும் இடம் பெற்றார். ஆக்னஸ் தையலிலும் பூவேலையிலும் கைதேர்ந்தவர். சிங்கப்பூர் அர்மேனியத் தேவாலயத்துப் பலிபீடத் துணிக்குப் பூவேலை செய்து கொடுத்தார். மற்ற நேரமெல்லாம் தோட்டம்தான். தஞ்சோங் பகாரில் இருந்த அந்த வீட்டுத் தோட்டத்தின் பூக்கள் மலர்க் கண்காட்சிகளில் பரிசுகளை அள்ளிக்கொண்டு வந்தன.

இரு பூக்களின் திருமணம்

அந்த நாளில் சிங்கப்பூர் வீடுகளில் இரண்டு ஆர்க்கிட் செடிகள் சாதாரணமாக வளர்ந்தன. ஒன்று வாண்டா டெரெஸ். பர்மா, தாய்லாந்து பக்கத்திலிருந்து வந்தது. வெயிலைத் தாங்கும். மற்றொன்று வாண்டா ஹூக்கரியானா. இது எந்த ஊர்ச் செடி தெரியுமா? நம்ம ஊர்தான்! கிந்தா பள்ளத்தாக்கின் சதுப்பு நிலங்களிலும் குட்டை ஓரங்களிலும் மண்டிக் கிடந்ததால் அதற்கு வைத்த பெயரே கிந்தாக் களை. ஈய லம்பம் தோண்டியவர்கள் காலில் மிதித்துக்கொண்டு போன செடி அது.

இந்தக் களையையும் அந்த அயலூர்ப் பூவையும் ஆக்னஸ் இணைத்தார். முளைத்து வந்த கன்று வளர்ந்து, 1893-இல் உலகம் அறியாத ஒரு பூவைக் காட்டியது. ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறம். விசிறி போல விரிந்த பெரிய உதடு. நடுவில் தணல் போன்ற ஆரஞ்சு, அதில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். இலையோ பென்சில் போல உருண்டையாக இருக்கும். குச்சி ஊன்றி நல்ல வெயிலில் விட்டால் போதும், ஆண்டு முழுவதும் பூக்கும்.

ரிட்லி எழுதிய குறிப்பு

செடியில் பூத்தால் மட்டும் போதாது. அது புது இனம்தானா என்று அறிந்தவர் பார்க்க வேண்டும். பெற்றோர் யார், நிறம் என்ன, இதழ் எப்படி, உதடு எப்படி என்று ஒவ்வொன்றாக விவரித்து அச்சில் ஏற்ற வேண்டும். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்னஸ் தம் பூவைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லியிடம் காட்டினார். அவர் அதை ஆராய்ந்தார், படம் வரையச் செய்தார், மாதிரியைப் பாதுகாத்து வைத்தார். 1893 ஜூன் 24-ஆம் நாள் லண்டன் தோட்டக்கலை ஏடான கார்டனர்ஸ் குரோனிக்கிளில் அவருடைய விவரணை வெளிவந்தது. சிங்கப்பூரில் வாழும் ஜோவாக்கிம் என்ற பெண்மணி இந்த இரண்டு செடிகளையும் கலந்து இதைப் பெற்றார் என்று தெளிவாக எழுதினார். பூவுக்கு வாண்டா மிஸ் ஜோவாக்கிம் என்று பெயரும் வைத்தார். பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். நினைத்திருந்தால் தம் பெயரையோ ஒரு கவர்னர் பெயரையோ வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

ஒரு குறை மட்டும் நேர்ந்தது. எந்தச் செடி தாய், எந்தச் செடி தந்தை என்பதற்குக் குறிப்பு இல்லை என்பதையும் ரிட்லி சேர்த்து எழுதினார். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து மரபணுவை ஆராய்ந்துதான் டெரெஸ் தாய், நம் கிந்தாக் களை தந்தை என்று கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும் காரியம்! பிள்ளைகளே, அறிவியல் பாடத்தில் நாளும் தேதியும் போட்டுக் குறிப்பு எழுதச் சொல்கிறோமே, அது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

பரிசும் பிரிவும்

1897-இல் இந்தப் பூ லண்டனில் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் முதல் வகுப்புச் சான்றிதழைப் பெற்றது. 1899-இல் சிங்கப்பூர் மலர்க் கண்காட்சியில் அரிய ஆர்க்கிட் என்று முதல் பரிசு கிடைத்தது. ஆனால் அப்போது ஆக்னஸைப் புற்றுநோய் பிடித்திருந்தது. அதே ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அவர் கண் மூடினார். வயது 45. பூவின் புகழை முழுதாகப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பூ மட்டும் நிற்கவில்லை. தண்டை வெட்டி நட்டாலே பிழைக்கும் செடி ஆனதால் கைக்குக் கை மாறி நாடு நாடாகப் போனது. ஹவாய்த் தீவுகளில் வயல் வயலாக வளர்த்து மாலை கட்டினார்கள். 1981 ஏப்ரல் 15-ஆம் நாள் இதுவே சிங்கப்பூரின் தேசிய மலர் ஆனது. அந்தச் செய்தியை அறிவித்தவர் அப்போதைய கலாசார அமைச்சர் திரு. எஸ். தனபாலன் என்பதில் தமிழர்களாகிய நமக்கும் ஒரு மகிழ்ச்சி. தாவர நூலார் பிற்பாடு வாண்டா என்ற முன்பெயரைப் பாப்பிலியோனாந்தே என்று மாற்றிவிட்டார்கள். மிஸ் ஜோவாக்கிம் என்ற பெயரை யாரும் மாற்றவில்லை.

பெயருக்கு வந்த சோதனை

புகழ் வந்தால் கூடவே வழக்கும் வரும் அல்லவா? இருபதாம் நூற்றாண்டில் சிலர், அந்த அம்மாள் கலப்பு ஒன்றும் செய்யவில்லை, அது வண்டு செய்த வேலை, மூங்கில் புதரில் தற்செயலாகக் கண்டெடுத்தார், அவ்வளவுதான் என்று எழுதினார்கள். வீட்டிலிருந்து தோட்டம் போட்ட பெண்ணுக்கு இவ்வளவு கைத்திறமையா என்ற சந்தேகமும் அதற்குள் ஒளிந்திருந்ததோ என்னவோ. வண்டும் மகரந்தத்தைச் சுமக்கும்தான், மறுக்க முடியாது. ஆனால் அம்மையார் உயிரோடு இருந்தபோதே, அதே ஊரில் இருந்த ஓர் அறிஞர், பூவைக் கையில் வைத்துப் பார்த்து எழுதிய சாட்சி இருக்கிறதே! வாய்க்கதையை நம்புவதா, அந்த எழுத்தை நம்புவதா? ஆராய்ச்சியாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டி வாதாடினார்கள். 2016-இல் சிங்கப்பூரின் அரசு அமைப்புகள், இந்தப் பூவை உருவாக்கியவர் ஆக்னஸ்தான் என்று ஏற்றுக்கொண்டன. அவர் காலமாகி 117 ஆண்டுகள் கழித்து வழக்கு தீர்ந்தது. தீர்த்து வைத்தது ரிட்லி எழுதிய சில வரிகள்.

நமக்கு என்ன பாடம்?

இந்த ரிட்லியை நமக்கும் தெரியும். பிரேசிலிலிருந்து போன ரப்பர் விதை லண்டனில் முளைத்து, 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது. அதில் 9 கன்றுகளை நம் பக்கத்துக் கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டவர் ரிட்லி. ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிமாரை நச்சரித்து, பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கியவரும் அவரே. அந்த ரப்பர்தான் நம் தாத்தா பாட்டிமாரில் பலரைக் கப்பலேற்றி இங்கே கொண்டு வந்தது.

காட்டை வெட்டியவர், கன்று நட்டவர், விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று மரம் மரமாகப் பால் வெட்டியவர் யார்? நம்மவர்கள்தாம். ரிட்லி பெயர் புத்தகத்தில் இருக்கிறது, முதலாளிமார் பெயரும் இருக்கிறது. அந்த வரிசை மரங்களை வளர்த்த நம் பாட்டிமார் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? ஆக்னஸ் அம்மையாருக்கு எழுதி வைக்க ஒரு நேர்மையான ஆள் கிடைத்தார். நம் பெரியவர்களுக்கு நாம்தான் எழுத வேண்டும்.

ஆகையால் மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பெயர், அப்பா அம்மா பெயர், வந்த ஊர், வேலை செய்த தோட்டம், வெட்டிய நிரை, எந்த ஆண்டு என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் காலியாகிக்கொண்டு வருகின்றன. எழுதாமல் விட்டால் நாளைக்கு அவர்களையும் மூங்கில் புதரில் தள்ளிவிடுவார்கள்.

காலில் மிதிபட்ட கிந்தாக் களை ஒரு நாட்டின் தேசிய மலருக்குத் தகப்பன் ஆயிற்று. நம் பிள்ளைகளும் அப்படிப் பூக்கட்டும். பூக்கும்போது வளர்த்தவர் பெயரையும் சொல்லட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!