மல்லர் காசபா ஜாதவ்

மல்லன் களத்தில் நிற்கும்போது தனித்தே நிற்கின்றான். எனினும், அவனை அக்களம் வரை கொண்டு சேர்த்த கைகள் பல. இவ்வுண்மையை விளக்கி நிற்பது காசபா தாதாசாகேப் ஜாதவ் அவர்களின் வாழ்வு. இந்தியா விடுதலை பெற்றபின், ஒலிம்பிக் விழாவிலே அந்நாட்டிற்கு முதன்முதலாகத் தனியொருவராய்ப் பதக்கம் ஈட்டிக் கொடுத்தவர் அவரே.

மகாராட்டிர தேசத்திலே, கராட் நகரை அடுத்த கோலேசுவர் என்னுஞ் சிற்றூரில் 1926 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையாரும் மல்லரே. ஐவர் ஆண்மக்களுள் இளையவரான காசபா, ஐந்து வயதிலேயே தந்தையாரிடம் மற்போர் பயிலத் தொடங்கினார். கராட் திலகர் உயர்தரப் பாடசாலையிற் கற்றபின், மல்லர்க்குப் பேர்போன கோலாப்பூரை அடைந்து இராசாராம் கல்லூரியிற் சேர்ந்தார். உருவிற் சிறியவர், பிடியில் வல்லவர்.

எமது நாட்டு டங்கன் வைற் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற 1948 ஆம் ஆண்டு இலண்டன் விழாவிலே ஜாதவும் கலந்துகொண்டார். அவர் செலவைக் கோலாப்பூர் மன்னர் ஏற்றார். செம்மண் களத்தில் வளர்ந்தவர்க்கு மெத்தை விரிப்பும் மேனாட்டு விதிகளும் புதியன. ஆயினும் ஆறாமிடத்தைப் பெற்றார்.

நான்காண்டுகளின் பின் கெல்சிங்கி விழாவுக்குத் தெரிவானபோது பயணச் செலவுக்குப் பொருளில்லை. ஊரார் தம்மால் இயன்றதைத் திரட்டினர். அதுவும் போதாதெனக் கண்ட கல்லூரி அதிபர் கார்டிக்கர், தமது வீட்டையே ஈடுவைத்து ஏழாயிரம் ரூபா பெற்றுக் கொடுத்தார். தம் மாணவன் ஒருவனிடத்து ஆசிரியர் கொண்ட நம்பிக்கைக்கு இதனினும் பெரிய அடையாளம் வேண்டுமோ?

1952 இல் 57 கிலோ எடைப் பிரிவிற் பொருதிய ஜாதவ், கனடா, மெக்சிக்கோ, சேர்மனி நாட்டு மல்லர்களை வென்றார். பின்னர், அப்பிரிவிலே தங்கம் வென்ற யப்பானியர் இசியியுடன் நெடும்போர் புரிந்து தோற்றார். களைப்பு ஆறுமுன்னரே சோவியத் மல்லருடன் பொருதுமாறு பணிக்கப்பட்டார். இரு போர்களுக்கிடையே அரைமணி நேர ஓய்வு விதியாக இருந்தும், அதனை எடுத்துரைக்க இந்திய அதிகாரி ஒருவரும் அங்கில்லை. களைத்த நிலையிற் பொருதித் தோற்று, வெண்கலப் பதக்கத்துடன் மீண்டார். வீடொன்றை ஈடுவைத்த அன்பு அவரைக் களத்திற் சேர்த்தது. அருகில் ஒருவர் இல்லாக் குறை அவரைத் தளரச் செய்தது.

ஊரார் நூற்றுக்கு மேற்பட்ட மாட்டுவண்டிகளுடன் எதிர்கொண்டழைத்தனர். கால்மணி நேர வழியைக் கடக்க ஏழு மணி நேரஞ் சென்றதாம். ஆரவாரம் அடங்கியதும் ஜாதவ் மற்போர்ப் போட்டிகளை நடத்தி, சேர்ந்த பொருளைக் கொண்டு அதிபரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

1955 இல் சப் இன்ஸ்பெக்டராகப் பொலிஸ் சேவையிற் சேர்ந்து, இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றினார். உதவி ஆணையாளராக உயர்ந்தார். விளையாட்டுப் போதனாசிரியராகவுந் தொண்டாற்றினார். 1982 இல் தில்லி ஆசிய விழாவின் தீபவோட்டத்திற் பங்குபெறும் பெருமை அவர்க்குக் கிடைத்தது. ஆயினும், ஓய்வூதியத்துக்காகப் போராடவேண்டிய நிலையும் அவர்க்கு நேர்ந்தது. 1984 ஆகஸ்ட் 14 இல் வீதி விபத்திலே காலமானார். அருச்சுனா விருது அவர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னரே வழங்கப்பட்டது. 2010 இல் தில்லி மற்போர் அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர்க்குப்பின் இந்தியர் ஒருவர் ஒலிம்பிக்கில் தனிப் பதக்கம் பெற நாற்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன.

திருக்கோணமலையிற் பயிலும் மாணவர் இவ்வாழ்விலிருந்து விடாமுயற்சியைக் கற்பாராக. ஆசிரியர், கார்டிக்கரை நினைவிற் கொள்வாராக. பழைய மாணவராகிய நாமோ, ஈடுவைத்த வீட்டை மீட்டுக் கொடுத்த அந்த நன்றியை மறவாதிருப்போமாக.