பூட்டுத் தொழிலாளியின் மகன் பெயரில் மின்தடை அலகு... யார் இந்த ஜார்ஜ் ஓம்?

ரெசிஸ்டர் வாங்கப் போனா கிலோ ஓம், மெகா ஓம்னு கேட்கிறோம். 1,000 ஓம் ஒரு கிலோ ஓம். 10 லட்சம் ஓம் ஒரு மெகா ஓம். 4.7 கிலோ ஓம் என்றால் 4,700 ஓம். கணக்கு அவ்வளவுதான். ஆனால், இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருந்தவரை இப்படி ஒரு அலகே கிடையாது!

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. பள்ளிக்கூடம் போகாமலே சொந்தமாகப் படித்துத் தேறியவர். மகன்களுக்கு கணிதமும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். 1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் ஓம் ஆசிரியரானார்.

அங்கே செய்த சோதனைகளில் முதல் தலைவலி பேட்டரி. அந்தக் கால மின்கலங்களில் அழுத்தம் நிலையாக நிற்காது. பொக்கென்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி, தாமிரத்தையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அழுத்தம் ஆடாமல் நின்றது. பிறகு வெவ்வேறு நீளக் கம்பிகளை மாட்டி அளந்தார். கம்பி நீள நீள, மின்னோட்டம் ஒரு கணக்கோடு குறைந்தது. 1827-ல் இது புத்தகமாக வந்தது.

பெரிய பதவி கிடைக்கும்னு எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை. மனம் வெறுத்து கொலோன் வேலையையும் விட்டார். 1833-ல்தான் நியூரம்பெர்கில் நிலையான வேலை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது. மியூனிக்கில் முழுப் பேராசிரியரானபோது வயது 63. இரண்டே ஆண்டில், 1854-ல் இறந்துபோனார்.

சரி, அலகு எப்படி வந்தது? தந்தி வந்தபோது மின்தடையை அளந்தே ஆக வேண்டியிருந்தது. கடலடிக் கேபிள் எங்கே பழுதானது என்பதைக் கண்டுபிடிக்கவே அது வேணும். ஆனால், பிரான்ஸில் ஒரு கிலோமீட்டர் இரும்புக் கம்பி, இங்கிலாந்தில் ஒரு மைல் செம்புக் கம்பி என ஆளுக்கொரு அளவு. 1860-ல் வெர்னர் சீமென்ஸ் ஒரு மீட்டர் உயரப் பாதரசத் தூணை அலகாக்கினார். அது இன்றைய கணக்கில் ஒரு ஓமைவிடச் சற்றுக் குறைவு. 1881-ல் பாரிஸ் மாநாடு 'ஓம்' பெயரையே ஏற்றது.

சீமென்ஸ் பெயரும் வீணாகவில்லை. மின்கடத்துத்திறனின் அலகு இப்போது அதுதான். மாற்றுவதும் சுலபம், ஒன்றை ஓமால் வகுத்தால் போதும்: 100 ஓம் என்றால் 0.01 சீமென்ஸ்.