தீநுண்மியின் உருமாற்றம் தேடியவர்

நுழையும்முன்

ஒரு முறை அம்மை கண்டவரை அந்நோய் மீண்டும் அணுகுவது அரிது. ஆனால், சளிக்காய்ச்சலோ ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறது. உடல் ஒரு முறை வென்ற பகையிடமே மறுமுறை தோற்பது ஏன்? இவ்வினாவுக்கு விடைதேடித் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர் பிராங்க் மேக்பார்லேன் பர்னெட். மூச்சுக்காற்றின் வழியே பரவும் தீநுண்மிகளின் இயல்பை உலகுக்கு உணர்த்திய அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வண்டுகளைத் தேடிய சிறுவன்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள சிற்றூர் டிராரல்கன். அங்கு 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பர்னெட் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர். வங்கி மேலாளராகப் பணியாற்றியவர். உடன்பிறந்தோர் எழுவருள் பர்னெட் இரண்டாமவர். கூச்ச இயல்பினரான அவர் விளையாட்டுக் கூட்டத்தில் கலந்ததைவிடத் தனியே நடந்து திரிந்ததே மிகுதி. ஓடைக்கரைகளிலும் புதர்களிலும் வண்டுகளைத் தேடிப் பிடித்து, அவற்றை வகைப்படுத்திக் குறிப்பெழுதி வைப்பது அவருடைய வழக்கம். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்தும் ஒன்றோடொன்று போட்டியிட்டும் வாழ்வதை உற்றுநோக்கும் பழக்கம் அவ்வயதிலேயே அவரிடம் வேரூன்றியது. பிற்காலத்தில் நோய்க்கிருமிகளையும் அவர் அதே கண்ணோடுதான் பார்த்தார்.

உதவித்தொகை பெற்று ஜீலாங் கல்லூரியில் பயின்ற அவர், 1917ஆம் ஆண்டு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, உலகப்போரின் இறுதிக் காலத்தில், இன்ஃபுளுவென்சா என்னும் கொடிய சளிக்காய்ச்சல் உலகெங்கும் பரவியது. படைவீரர்களைச் சுமந்துவந்த கப்பல்களின் வழியே பம்பாயை அடைந்த அந்நோய், இருப்புப்பாதைகளைப் பின்பற்றி இந்தியா முழுவதும் பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. முதியோரையும் குழந்தைகளையும் மட்டுமன்றி, உடல் வலிமைமிக்க இளைஞர்களையும் அது வீழ்த்தியது. அதன் காரணி எதுவென்று அன்றைய மருத்துவ உலகம் அறியவில்லை. நோயாளிகளின் சளியில் காணப்பட்ட ஒரு பாக்டீரியாவே காரணி எனப் பலர் தவறாகக் கருதினர். எதிரியின் முகம் தெரியாமலேயே உலகம் போரிட்டுத் தோற்ற காலம் அது.

மருத்துவமனையிலிருந்து ஆய்வகத்திற்கு

1922ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்ற பர்னெட், நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கவே விரும்பினார். அவருடைய இயல்பை அறிந்த மருத்துவமனை மேலதிகாரியோ அவர் ஆய்வகத்திற்கே உரியவர் எனக் கருதினார். அம்முடிவு மருத்துவ அறிவியலுக்கு நலமாய் அமைந்தது. மெல்போர்னில் உள்ள வால்டர் எலிசா ஹால் ஆய்வு நிறுவனம் அவருடைய பணிக்களமாயிற்று. இலண்டனுக்குச் சென்று லிஸ்டர் நிறுவனத்தில், பாக்டீரியாவை அழிக்கும் தீநுண்மிகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

தாயகம் திரும்பிய அவரை 1928ஆம் ஆண்டு ஒரு துயர நிகழ்வு எதிர்கொண்டது. பண்டபெர்க் என்னும் ஊரில் தொண்டை அடைப்பான் தடுப்பூசி செலுத்தப்பட்ட குழந்தைகளுள் 12 பேர் உயிரிழந்தனர். தடுப்பூசியின் மீதே மக்கள் நம்பிக்கை இழந்த அவ்வேளையில், காரணத்தைக் கண்டறியும் பணியில் பர்னெட் ஈடுபட்டார். மருந்துக் குப்பியில் பாக்டீரியா கலந்து பெருகியதே இறப்புக்குக் காரணம் என ஆய்வு காட்டியது. தடுப்பூசி என்னும் கருத்தில் பிழையில்லை; அதனைக் காத்துக் கையாண்ட முறையில்தான் பிழை என்பது தெளிவாயிற்று.

முட்டைக்குள் ஓர் ஆய்வகம்

1932, 1933ஆம் ஆண்டுகளில் பர்னெட் மீண்டும் இலண்டனில், தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். அங்குதான் 1933ஆம் ஆண்டு வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் மனித இன்ஃபுளுவென்சாவின் காரணி ஒரு தீநுண்மியே என்று நிறுவினர். நோயாளியின் தொண்டையைக் கழுவிய நீரை வடிகட்டி, கீரியை ஒத்த ஃபெரட் என்னும் சிறுவிலங்கின் மூக்கில் இட்டபோது அதற்கும் காய்ச்சல் கண்டது. அவ்வாறு நோயுற்ற ஒரு ஃபெரட் வில்சன் ஸ்மித்தின் முகத்தில் தும்ம, அவரும் காய்ச்சலில் விழுந்தார். நோய் தும்மலின் வழியே தாவுகிறது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காரணி அகப்பட்டது, எனினும், அதனை ஆராய்வது எளிதாக இல்லை. தீநுண்மி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். ஃபெரட்டுகளை வளர்ப்பதற்குப் பொருளும் இடமும் மிகுதியாய் வேண்டும். இத்தடையை உடைத்த எளிய பொருள் கோழிமுட்டை. கருவுற்ற முட்டையில் தீநுண்மியை வளர்க்கலாம் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1931ஆம் ஆண்டு காட்டியிருந்தனர். பர்னெட் அம்முறையைச் செம்மைப்படுத்திப் பெருங்கலையாகவே வளர்த்தார். ஓட்டில் நுண்துளையிட்டு, கருவைச் சூழ்ந்த பனிக்குட நீரிலும் பிற சவ்வறைகளிலும் தீநுண்மியைச் செலுத்துவார். துளையை மெழுகால் அடைத்து, முட்டையை வெதுவெதுப்பில் வைப்பார். சில நாள்களில் தீநுண்மி கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். 1936ஆம் ஆண்டு இம்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் உலக ஆய்வகங்கள் பலவற்றுக்கு வழிகாட்டியது. இன்றும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசிகளுள் பெரும்பகுதி முட்டையிலேயே உருவாக்கப்படுகிறது.

பூட்டும் திறவுகோலும்

1941ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹெர்ஸ்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர், இன்ஃபுளுவென்சா தீநுண்மி இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச்செய்வதைக் கண்டார். பர்னெட்டும் அவருடைய குழுவினரும் அதன் உட்பொருளைத் தேடினர். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு பொருளைப் பற்றிக்கொண்டே தீநுண்மி உள்ளே நுழைகிறது. அப்பொருளை வெட்டி நீக்கும் நொதியும் அதனிடமே இருக்கிறது என்னும் உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. வாந்திபேதிக் கிருமி சுரக்கும் ஒரு நொதி அதே பொருளை அழித்துவிடுவதையும் அவர்கள் கண்டனர். தீநுண்மியின் மேலுறையில் பூட்டைத் திறக்கும் கோல் ஒன்றும், வெளியேறுவதற்கான கத்தி ஒன்றும் உள்ளன எனலாம். முன்னதை எச் என்றும் பின்னதை என் என்றும் இன்று குறிக்கிறோம். எச்1என்1, எச்3என்2 என நாளிதழ்களில் நாம் காணும் பெயர்கள் இவற்றின் வகைகளையே சுட்டுகின்றன.

உலகின் பல பகுதிகளில் பிரித்தெடுக்கப்பட்ட இன்ஃபுளுவென்சா தீநுண்மிகள் ஒன்றுபோல் இருக்கவில்லை. தீநுண்மி பெருகும்போது அதன் மரபுச்செய்தியைப் படியெடுப்பதில் சிறுசிறு பிழைகள் நேர்கின்றன. அப்பிழைகளால் மேலுறையின் வடிவம் சற்றே மாறுகிறது. பழைய வடிவத்தை அறிந்துவைத்திருந்த நம் எதிர்ப்பாற்றல், புதிய வடிவத்தை அடையாளம் காணத் தடுமாறுகிறது. நுழைவாயிலில் வினவப்பட்ட வினாவுக்கு இதுவே முதல் விடை. வந்தது பழைய பகை. ஆனால், அணிந்திருந்தது புதிய ஆடை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள தீநுண்மியைக் கொண்டு பர்னெட் ஒரு தடுப்புமருந்தை உருவாக்கினார். படைவீரர்களுக்கு அளித்துப் பார்த்தபோது அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. பல ஆண்டு உழைப்பு கைகூடாத நிலையிலும் அவர் சோர்ந்துவிடவில்லை. தீநுண்மி எவ்வாறு மாறுகிறது என்னும் அடிப்படைக்கே திரும்பினார்.

எட்டு நூல்களின் கலப்பு

1950களின் தொடக்கத்தில் பாட்ரிசியா லிண்ட் என்னும் ஆய்வாளரோடு இணைந்து, இருவேறு இன்ஃபுளுவென்சா தீநுண்மிகளை ஒரே நேரத்தில் எலிகளுக்குச் செலுத்தினார். வெளிவந்த தீநுண்மிகளுள் சில, ஒன்றன் பண்பையும் மற்றொன்றன் பண்பையும் சேர்த்துப் பெற்றிருந்தன. இக்கலப்பு அடிக்கடி நிகழ்ந்தது வியப்பளித்தது. இன்ஃபுளுவென்சாவின் மரபுப்பொருள் ஒரே இழையாக இல்லாமல் 8 தனித்துண்டுகளாக இருப்பதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

நெசவாளர் வாழும் பொதட்டூர்பேட்டை போன்ற ஊரில் வளர்ந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒரு வீட்டில் சிவப்பு நூற்கண்டுகள் எட்டும், அடுத்த வீட்டில் பச்சை நூற்கண்டுகள் எட்டும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே தறிக்கூடத்தில் கொட்டிக் கலந்துவிட்டால், அங்கிருந்து எட்டெட்டாய் எடுத்து நெய்யப்படும் சேலைகள் எத்தனையோ புதிய வண்ணச் சேர்க்கைகளில் அமையும். அவ்வாறே, மனிதரைத் தாக்கும் தீநுண்மியும் பறவையைத் தாக்கும் தீநுண்மியும் ஒரே செல்லுக்குள் நுழைந்தால், இதற்குமுன் எந்த மனித உடலும் கண்டிராத புதிய தீநுண்மி ஒன்று பிறக்கலாம். முன்னர்க் கூறிய சிறுபிழைகள் ஆண்டுதோறும் வரும் காய்ச்சலுக்குக் காரணம். இக்கலப்போ உலகப் பெருந்தொற்றுக்கு வழிவகுப்பது.

சென்னைத் துறைமுகமும் குன்னூர் ஆய்வகமும்

ஆய்வகத்தில் பர்னெட் கண்ட கலப்பை, இயற்கை விரைவிலேயே செய்துகாட்டியது. 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் தோன்றிய புதிய இன்ஃபுளுவென்சா, ஹாங்காங், சிங்கப்பூர் வழியாகப் பரவியது. மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை வந்தடைந்த பயணிக் கப்பலின் வழியே அது இந்தியாவுக்குள் நுழைந்தது. நீலகிரி மலையில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் இன்ஃபுளுவென்சா மையம் அத்தீநுண்மியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. சில திங்களுக்குள் நாடெங்கும் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று.

அத்தீநுண்மியின் 8 துண்டுகளுள் 3 பறவைத் தீநுண்மியிலிருந்தும், எஞ்சியவை முன்னரே மனிதரிடையே இருந்த தீநுண்மியிலிருந்தும் வந்தவை என்பது பிற்கால ஆய்வில் புலனாயிற்று. எச், என் ஆகிய இரண்டுமே புதியவையாக இருந்தமையால் மக்களின் பழைய எதிர்ப்பாற்றல் பயனற்றுப்போனது. துறைமுகத்தில் இறங்கிய காய்ச்சல் சந்தைக்கும் பள்ளிக்கும் பட்டறைக்கும் பரவியதன் விரைவு இதனால் விளங்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பல ஊர்களிலிருந்து வந்துசெல்லும் பேருந்துகளை எண்ணிப்பார்த்தால், இன்று அத்தகைய நோய் பரவும் விரைவு இன்னும் பன்மடங்காகும் என்பதை உணரலாம்.

தம் உடலையே சான்றாக்கியவர்

பர்னெட்டின் துணிவுக்கு 1951ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. பயிர்களை அழித்த முயல்களைக் கட்டுப்படுத்த, முயல்களை மட்டும் தாக்கும் மிக்சோமா தீநுண்மியை ஆஸ்திரேலிய அரசு பரப்பியது. அதே பகுதியில் மனிதரிடையே மூளைக்காய்ச்சலும் தோன்றவே, முயல் நோயே மனிதருக்கும் தொற்றியது என மக்கள் அஞ்சினர். பர்னெட், பிராங்க் ஃபென்னர், இயன் கிளூனிஸ் ராஸ் ஆகிய மூவரும் முயல்கள் பலவற்றைக் கொல்லப் போதுமான அளவு மிக்சோமா தீநுண்மியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டனர். அவர்களுக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை; மக்களின் அச்சமும் தணிந்தது.

அதன்பின் ஃபென்னர் தொடர்ந்து செய்த ஆய்வுகள் மற்றோர் உண்மையைக் காட்டின. தொடக்கத்தில் ஏறத்தாழ எல்லா முயல்களையும் கொன்ற தீநுண்மி, சில ஆண்டுகளில் வீரியம் குறைந்தது; முயல்களும் எதிர்ப்பாற்றல் பெற்றன. விரைவில் கொல்லும் தீநுண்மிக்குப் பரவும் காலம் குறைவு. நோய்க்கிருமியும் அது குடிபுகும் உயிரும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே செல்கின்றன என்னும் பர்னெட்டின் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

தெரிந்து தெளிவோம்

பர்னெட் 1944 முதல் 1965 வரை வால்டர் எலிசா ஹால் நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அழைத்தபோதும் தாயகத்தை விட்டு நீங்கவில்லை. எதிர்ப்பாற்றல் தன்னுடலையும் அயற்பொருளையும் எவ்வாறு பிரித்தறிகிறது என்பது குறித்த ஆய்வுக்காக 1960ஆம் ஆண்டு பீட்டர் மெடாவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அறிவின் எல்லை

1957ஆம் ஆண்டிலேயே பர்னெட் தம் நிறுவனத்தின் நோக்கைத் தீநுண்மியிலிருந்து எதிர்ப்பாற்றல் ஆய்வுக்குத் திருப்பினார். முதுமையில், தொற்றுநோய்களின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது எனவும் எழுதினார். எதிர்பாராத புதிய நோய் தோன்றக்கூடும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும், அதனைப் பெரிதும் எதிர்நோக்கவில்லை. பின்னாளில் தோன்றிய எய்ட்சும் 2019ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய கொரோனாவும் அக்கணிப்பைப் பொய்யாக்கின. தீநுண்மி மாறிக்கொண்டே இருக்கும் என உலகுக்குக் கற்பித்த பேரறிஞரே அதன் மாற்றத்தைக் குறைத்து மதிப்பிட்டார். எனினும், புதிய பெருந்தொற்றை எதிர்கொள்ள உலகம் கையிலெடுத்த அறிவில் அவர் தந்த பங்கும் இருந்தது. அவர் கணிப்பு தவறியது. அவர் காட்டிய வழி தவறவில்லை.

1985ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பர்னெட் மறைந்தார். மூக்கையும் வாயையும் மூடித் தும்முவதும், நோயுற்றபோது கூட்டத்தைத் தவிர்ப்பதும், உரிய காலத்தில் தடுப்பூசி செலுத்திக்கொள்வதும் எளிய செயல்களே. அவற்றின் பின்னால் ஒரு மனிதர் ஆயிரமாயிரம் முட்டைகளின் முன் அமர்ந்திருந்த பொறுமை இருக்கிறது. அப்பொறுமைக்கு நாம் செலுத்தும் நன்றி, அவ்வெளிய செயல்களைத் தவறாது செய்வதேயாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நெசவு முதலிய தொழில் செய்வோர் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றைக் கொண்டு அறிவியல் கருத்து ஒன்றை விளக்கி ஒரு பத்தி எழுதுக.
2. ஆண்டுதோறும் வரும் சளிக்காய்ச்சலுக்கும் உலகப் பெருந்தொற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதியின் துணையுடன் வகுப்பில் கலந்துரையாடுக.
3. அறிஞர் ஒருவரின் கணிப்பு பொய்த்துப்போவது அவர் பெருமையைக் குறைக்குமா? காரணம் காட்டி எழுதுக.