கப்பல் கோதுமையும் சி.சுப்பிரமணியமும்

கள்ளக்குறிச்சியில் நெல் விளைகிறது. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைகின்றன. ஆனாலும் மழை பொய்த்தால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கத்தானே வேண்டும்?

கொடுப்பவர் இரக்கப்பட்டுக் கொடுக்கலாம். நாளைக்குக் களை எடுக்க வா என்று மனதில் வைத்துக்கொண்டும் கொடுக்கலாம். நாடுகளின் கதையும் இதுதான். அதை நன்கு அறிந்தவர் ஒரு தமிழர்.

விவசாயி மகன்

பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30-ந் தேதி பிறந்தார் சி.சுப்பிரமணியம். விவசாயக் குடும்பம். சென்னையில் சட்டம் படித்தார். சுதந்திரப் போரில் சிறை சென்றார். ராஜாஜி, காமராஜர் மந்திரிசபைகளில் 1952 முதல் 1962 வரை மந்திரியாக இருந்தார்.

1964-ல் லால்பகதூர் சாஸ்திரி பிரதமரானார். சுப்பிரமணியத்திடம் உணவு இலாகா வந்தது. நாட்டிலோ கடும் பற்றாக்குறை.

தர்மமா, வியாபாரமா?

அமெரிக்காவில் கோதுமை தேவைக்குமேல் குவிந்து கிடந்தது. விலை விழுந்தால் அந்த நாட்டு விவசாயி என்ன ஆவான்? 1954-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதுதான் பி.எல்.480. உபரி தானியம் ஏழை நாடுகளுக்குப் போகும். இந்தியா டாலர் தரவேண்டாம், ரூபாய் போதும்.

பசித்தவன் வயிறு நிறைந்தது. அமெரிக்கக் களஞ்சியமும் காலியானது. தர்மமும் உண்டு, வியாபாரமும் உண்டு!

1965-ல் மழை பொய்த்தது. பாகிஸ்தானுடன் போரும் மூண்டது. ஜனாதிபதி ஜான்சன் கோதுமையை மொத்தமாகத் தராமல், கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். இந்தியா விவசாயத்தைத் திருத்தவேண்டும் என்றார். வியட்நாம் போரை இந்தியா குறைகூறியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் தானியம் என்ற நிலை!

புல்தரையில் கோதுமை

அந்த ஆண்டு நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய மந்திரி பிரீமனுடன் சுப்பிரமணியம் உடன்பாடு செய்தார். நாட்டை அடகு வைத்தார் என்று சிலர் ஏசினார்கள். அவர் கலங்கவில்லை. உரம், நல்ல விதை, கட்டுப்படியாகும் விலை ஆகியவை நம் விவசாயிக்குக் கிடைக்கவேண்டும் என்பது அவருடைய சொந்தத் திட்டமே.

1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. டில்லியில் தம் வீட்டுப் புல்தரையை உழுது, அங்கேயும் கோதுமை விதைத்தார்!

ஆனால் 1967 தேர்தலில் தோற்றார். தமிழ்நாட்டில் அப்போது அரிசித் தட்டுப்பாடு. விதைத்தவர் பதவியில் இல்லாதபோது விளைச்சல் வந்தது. 1965-ல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை, 1968-ல் 1 கோடியே 60 லட்சம் டன்னைத் தாண்டியது.

1998-ல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். 2000 நவம்பர் 7-ந் தேதி காலமானார்.

கஷ்டகாலத்தில் கைநீட்டுவது குற்றமல்ல. வாங்கும்போதே, இனி வாங்காமல் இருக்க வழி தேடவேண்டும். அதைச் செய்து காட்டியவர் அவர்.