அல்ஜீப்ரா தந்த அறிஞர் அல் குவாரிஸ்மி

நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் அல்ஜீப்ரா என்னும் பாடத்தின் பெயர், ஓர் அரபு நூலின் தலைப்பிலிருந்து பிறந்ததாகும். அந்நூலை இயற்றியவர் முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி அவர்கள்.

அன்னார் கி.பி. 780ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார்கள். மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம் பகுதியே அன்னாரின் பெயருக்குக் காரணம். கலீஃபா மஃமூன் (813-833) ஆட்சியில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றினார்கள். வானவியல், பூகோள நூல்களை எழுதியதோடு, இந்திய எண்முறையையும் அரபுலகிற்கு விளக்கினார்கள். 850ஆம் ஆண்டு வாக்கில் மறைந்தார்கள். எனினும், அழியாப் புகழ் தந்தது அல்ஜப்ர் வல்முகாபலா பற்றிய நூலே. 1145இல் அது லத்தீனில் பெயர்க்கப்பட்டது.

ஜப்ர் என்பதற்கு முறிந்ததைப் பொருத்துதல் என்பது பொருள். (எலும்பு முறிவு வைத்தியரை ஸ்பெயினில் அல்ஜெப்ரிஸ்தா என அழைத்ததும் இதனாலேயே.) கணக்கில், கழிந்து நிற்பதை இரு பக்கமும் கூட்டி நிறைவாக்குவது ஜப்ர், இரு பக்கமும் உள்ள ஓரினத்தை நீக்குவது முகாபலா.

குறியீடுகள் ஏதுமின்றிச் சொற்களாலேயே அன்னார் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தார்கள். ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் 10 மடங்கும் சேர்ந்து 39 எனில், மூலம் யாது? ஒரு சதுரம் வரைந்து, அதன் இரு பக்கங்களில் 5 அகலமுள்ள பட்டைகளை ஒட்டினார்கள். மூலையில் 25 அளவுள்ள சிறு சதுரம் குறைகிறது. அதை நிரப்பினால் 64. அதன் பக்கம் 8. பட்டையின் 5 போக, மூலம் 3.

நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே. பாகப்பிரிவினையின் சிக்கலறிந்த நமக்கு இப்பகுதி மிக நெருக்கமானது. ஒருவர் இரு மகன்களை விட்டு இறக்கிறார். ரொக்கம் 10 திர்ஹம். மகன் ஒருவர் அவருக்குத் தரவேண்டிய கடன் 10. மூன்றில் ஒரு பங்கு வெளியாருக்கு வஸிய்யத். கடன்பட்ட மகனின் பங்கைக் கடனிலேயே கழிக்க வேண்டும். பங்கு தெரிந்தாலன்றிச் சொத்து தெரியாது. சொத்து தெரிந்தாலன்றிப் பங்கு தெரியாது! அப்பங்கை 'ஷைஉ' எனக் கொண்டார்கள் அன்னார். சுருக்கிச் சொன்னால், மூன்று ஷைஉ என்பது 10உம் ஒரு ஷைஉம் ஆகும். இரு பக்கமும் ஒன்றை நீக்க, இரண்டு ஷைஉ 10. எனவே வெளியாருக்கு 5, மற்ற மகனுக்கு 5. கடன்பட்டவரின் 5 கடனில் கழிந்தது.