நந்தவனம் கண்ட தொண்டர்

காவிரியாறு திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் இரு கிளைகளாகப் பிரிகின்றது. வடபாற் செல்லும் கிளைக்குக் கொள்ளிடம் என்பது பெயர். தென்பாற் செல்லும் கிளை காவிரி என்னும் பழம்பெயரையே தாங்கி ஓடுகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தீவிலே அமைந்தது திருவரங்கம். இருமருங்கும் ஆறு சூழ்ந்த நிலமாதலின் அங்கே வண்டல் மண்ணுக்கும் ஊற்று நீருக்கும் குறைவில்லை. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்னர், இம்மண்ணிலே ஒரு பூந்தோட்டம் அமைத்து, அதனைப் பேணுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார் ஒருவர். அவர் இயற்பெயர் விப்பிரநாராயணர். தொண்டரடிப்பொடியாழ்வார் என்று உலகம் அவரைப் போற்றுகின்றது.

சோழநாட்டிலே, குடந்தைக்கு அணித்தாகத் திருமண்டங்குடி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில், மார்கழித் திங்கள் கேட்டை நாளில், அந்தணர் குடியில் அவர் பிறந்தார். கி.பி. 8ஆம் நூற்றாண்டிலோ 9ஆம் நூற்றாண்டிலோ அவர் வாழ்ந்தார் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இளமையில் மறைநூல்களை ஐயந்திரிபறக் கற்ற விப்பிரநாராயணர், இல்வாழ்க்கையில் மனம் பற்றாதவராய்த் திருமாலின் தலங்களை வணங்கி வரப் புறப்பட்டார். திருவரங்கத்தை அடைந்து, அங்கே பாம்பணைமேற் பள்ளிகொண்ட பெருமானைக் கண்ட அளவில், பிற தலங்களுக்குச் செல்லும் எண்ணமே அவரை விட்டு அகன்றது. பிற்காலத்தில் அவர் பாடிய பாடல்களும் அரங்கனைத் தவிர வேறொரு தலத்துப் பெருமானையும் பொருளாகக் கொள்ளவில்லை. இதுபற்றி அவரைப் பத்தினியாழ்வார் என்று வைணவர் அன்போடு அழைப்பதும் உண்டு.

கோயிலில் மறை ஓதுவார்க்கு ஒரு மதிப்பு உண்டு. நூற்பொருள் விரிப்பார்க்கு வேறொரு மதிப்பு உண்டு. கல்வியில் வல்லவரான விப்பிரநாராயணர் அவற்றுள் எதனையும் எய்தியிருக்கலாம். அவரோ மண்வெட்டியை எடுத்தார். பூமாலை தொடுத்துச் சாத்துதலை உயர்ந்த தொண்டாகக் கொள்ளும் வழக்கம் வைணவ அடியாரிடையே தொன்றுதொட்டு உண்டு. திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வளர்த்தார். அவர் திருமகளாக ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டதும் அத்தோட்டத்துத் துளசிச் செடியின் அடியிலேதான் என்பர். பின்னாளில் இராமாநுசர் விருப்பப்படி அனந்தாழ்வான் என்னும் அடியவர் திருமலைக்குச் சென்று, ஏரி வெட்டி நந்தவனம் அமைத்தார். நந்தவனங்களுக்கென்று நிலம் விட்ட மன்னரும் வணிகரும் பலர் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுகள் சான்றாக உள்ளன. அவ்வாறு விடப்பட்ட நிலத்தைத் திருநந்தவனப்புறம் என்று அவை வழங்குகின்றன.

பூந்தோட்டம் வளர்த்தல் பொழுதுபோக்காகச் செய்வார்க்கு இனிது. நாள்தோறும் செய்ய வேண்டியவர்க்கு அது கடும்பணி. கதிரவன் எழுமுன் நீராடி மலர் கொய்தல் வேண்டும். பூச்சி அரித்த மலரும், வாடிய மலரும், பிறர் முகர்ந்த மலரும் வழிபாட்டிற்கு ஆகா. நிலத்தில் உதிர்ந்த மலரும் ஆகாது. பவழமல்லி போன்ற சிலவற்றிற்கே விலக்கு உண்டு. தாமரை வைகறைக்குப் பின் இதழ் விரியும். முல்லை மாலைப் பொழுதில் மலரும். எந்த மலர் எந்த நேரத்தில் மொட்டவிழும் என்பதை அறியாதவன் நல்ல மாலை தொடுத்தல் இயலாது. கொய்த மலரை ஓலைக்குடலையில் இட்டு, வாழைநாரை நனைத்துத் தொடுத்து, வேளை தவறாது கோயிலிற் சேர்த்தபின்னரும் பணி முடிவதில்லை. களை பறித்தல் வேண்டும். பாத்தி திருத்தல் வேண்டும். நீர் இறைத்து மடை மாற்றுதல் வேண்டும். துளசி கதிர்விடத் தொடங்கினால் தழை குறையுமாதலின், கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுதல் வேண்டும். மல்லிகைக்கு உரிய காலத்தில் கவாத்துச் செய்யாவிடின் அடுத்த பருவத்திற் பூ மிகாது. இளங்கொடியை வளைத்து மண்ணிற் புதைத்துப் பதியன் இட்டால் புதுச்செடி கிடைக்கும். அது வேர் பிடிக்கும் வரை பொறுமை வேண்டும். இவற்றுள் ஒன்றில் இன்று சோம்பினால், அதன் குறை சில நாட்களிலேயே மாலையிற் புலப்பட்டுவிடும்.

மலர் நிறைந்த இடத்தைப் பூச்சியும் புள்ளும் அழையாமலே வந்தடையும். சிறகை இடைவிடாது அடித்து, அந்தரத்தில் நின்றபடியே தேன் பருகும் ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. நம் நாட்டில் அத்தொழிலைச் செய்வது தேன்சிட்டு. அது பெரும்பாலும் காம்பிலே பற்றி அமர்ந்து, வளைந்த மெல்லிய அலகைப் பூவினுள் நுழைத்துத் தேனை உறிஞ்சும். திருச்சிராப்பள்ளியை அடுத்த கைலாசபுரத்துக் குடியிருப்பில், வீட்டு முற்றத்தில் ஒரு செம்பருத்தியை நட்டவரும் இதனைக் கண்டிருப்பர். வண்ணத்துப்பூச்சியின் இயல்போ சற்று நுட்பமானது. அதற்குத் தேன் தரும் செடி ஒன்று இருந்தாற் போதாது. முட்டையிடுவதற்கும் புழு தின்று வளர்வதற்கும் உரிய செடியும் வேண்டும். எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றின் தழையில் ஒருவகைப் புழு வளரும். எருக்கிலையில் வேறொரு வகை வளரும். அரளியின் இலையிற் பின்னும் ஒரு வகை வளரும். புழுவைக் கண்டவுடன் நசுக்கிவிடுகின்ற தோட்டக்காரன், வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்று வருந்துவதிற் பொருளில்லை. திருவரங்கத் தீவின் மேல்பால் மேலூரில், 2015ஆம் ஆண்டில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவில் இவ்விருவகைச் செடிகளையும் வளர்த்ததனாலேயே நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் அங்கே காணப்பட்டுள்ளன. விப்பிரநாராயணர் காலத்துத் தீவில் மரமும் கொடியும் இன்னும் செறிந்திருந்தமையால், அவர் தோட்டத்திற்கு வந்த விருந்தினரும் மிகப் பலராக இருந்திருப்பர்.

அத்தோட்டத்திற்கு ஒருநாள் வேறொரு விருந்தினர் வந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறும். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருக்கரம்பனூரைச் சேர்ந்த தேவதேவி என்னும் ஆடல்மகள், உறையூரில் சோழ மன்னன் அவையில் தன் கலைத்திறம் காட்டிப் பரிசில் பெற்று, தமக்கையோடு ஊர் திரும்புகையில் அந்நந்தவனத்தின் நிழலில் இளைப்பாறினாள். செடிகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த விப்பிரநாராயணர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இது தேவதேவிக்கு வியப்பையும் சினத்தையும் ஒருங்கே விளைத்தது. இவரைத் தன் வயப்படுத்துவதாகத் தமக்கையிடம் சூளுரைத்தாள். அணிகலன்களைக் களைந்து எளிய ஆடை உடுத்தாள். தோட்டப்பணி செய்து உய்ய விரும்புவதாகக் கூறி விப்பிரநாராயணரை அடைந்தாள். தொண்டுக்கு ஒரு துணை கிடைத்ததென அவரும் இசைந்தார். திங்கள் பல கழிந்தன. அவள் உண்மையாகவே நீர் சுமந்தாள், களை எடுத்தாள், மலர் தொடுத்தாள். பெருமழை பொழிந்த ஒருநாள், மரத்தடியில் நனைந்து நடுங்கி நின்ற அவளைக் கண்டு இரங்கி, அவர் தம் குடிலுக்குள் வருமாறு அழைத்தார். அன்று தொட்டு அவர் மனம் அவள் வசமாயிற்று.

கதை சொல்வோர் பலரும் இவ்விடத்தில் அவரைப் பின்தொடர்ந்து தேவதேவியின் இல்லத்திற்குச் சென்றுவிடுவர். தோட்டத்தை நினைப்பார் இல்லை. பேணுவாரற்ற பாத்தியில் கோரையும் அறுகும் எத்துணை விரைவில் மண்டும் என்பதை உழவர் அறிவர். நீர் பெறாத மல்லிகை கோடையில் மொட்டிலேயே கருகும். நாள்தோறும் மாலை தொடுத்த கைகள் அத்தொழிலை மறந்தன. அவர்பால் இருந்த பொருள் யாவும் கரைந்தது. பொருள் தீர்ந்ததும் தேவதேவியின் இல்லத்துக் கதவு அடைபட்டது. அவரோ அவ்வாயிலை விட்டு அகலாது திண்ணையிலே கிடந்தார்.

அவ்விரவில் அழகியமணவாளன் என்று தன்னைக் கூறிக்கொண்ட ஒருவன், விப்பிரநாராயணர் அனுப்பியதாகச் சொல்லி ஒரு பொன்வட்டிலைத் தேவதேவியிடம் கொடுத்துச் சென்றான் என்பது கதை. கதவும் திறந்தது. பொழுது விடிந்ததும் கோயிலில் பெருமானுக்குரிய பொன்வட்டிலைக் காணாமல் ஆராய்ந்தனர். அது தேவதேவியின் இல்லத்தில் அகப்பட்டது. விப்பிரநாராயணர் கள்வர் எனப் பிடிக்கப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். வந்தவன் அரங்கனே என்பதைப் பெருமானே மன்னனுக்குக் கனவில் உணர்த்த, மன்னன் அவரை விடுவித்தான் என வரலாறு முடிகின்றது.

சிறையினின்று மீண்டவர் எங்கே செல்லக்கூடும்? பிறந்த ஊருக்குச் சென்று மறைந்து வாழ்ந்திருக்கலாம். தம்மைக் கள்வரெனக் கண்ட அதே ஊரில், அதே வீதிகளில் நடத்தல் எளிதன்று. ஆயினும் விப்பிரநாராயணர் தம் நந்தவனத்திற்கே மீண்டார். செய்த பிழைக்குக் கழுவாயாக, அடியார்களின் திருவடி விளக்கிய நீரைப் பருகினார். அடியார்தம் அடியிற் படிந்த பொடி என்னும் பொருளமைந்த தொண்டரடிப்பொடி என்பதனைத் தம் பெயராகக் கொண்டார். தேவதேவியும் தன் செல்வத்தைக் கோயிலுக்கு அளித்துத் தொண்டு பூண்டாள் என்று கூறுவர்.

அவர் பாடியவை இரண்டு நூல்கள். திருமாலை 45 பாடல்களை உடையது. திருப்பள்ளியெழுச்சி 10 பாடல்களை உடையது. அளவாற் சிறியவாயினும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துள் அவற்றிற்குத் தனிச்சிறப்பு உண்டு. திருமாலையில் அவர் தம் குற்றத்தை மறைக்கவில்லை. தாம் நெறி தவறியதைத் தாமே எடுத்துரைத்து நாணுகின்றார். அந்நூலிலேயே வண்டு முரல்வதும் மயில் ஆடுவதும் குயில் கூவுவதுமான அரங்கத்துச் சோலையையும் கண்டு மகிழ்கின்றார். திருப்பள்ளியெழுச்சியோ வைகறையிற் பெருமானைத் துயிலெழுப்புவது. பொழுது புலர்ந்ததற்கு அவர் காட்டும் அடையாளங்களை ஊன்றி நோக்கினால், பாடியவர் தோட்டத்தில் நின்று பாடினார் என்பது விளங்கும். மலர்களில் தேன் ஒழுகுகின்றது, கீழ்காற்று முல்லைக்கொடியைத் தடவி வருகின்றது, கமுகம்பாளை மடல் கீறி மணக்கின்றது, பொழிலிற் பறவைகள் ஒலிக்கின்றன, தாமரை விரிகின்றது. ஒவ்வொரு விடியலிலும் கையிற் குடலையோடு செடிகளிடையே நடந்தவருக்கே இவை இவ்வளவு தெளிவாகப் புலப்படும். அந்நூலின் இறுதிப் பாடலில், துளசிமாலையும் பூக்கூடையும் விளங்கும் தம் தோளையே அவர் தமக்கு அடையாளமாகக் கூறுகின்றார். கோயில்களில் உள்ள அவர் திருவுருவமும் பூக்குடலையோடு அமைந்திருத்தலைக் காணலாம்.

அத்தோட்டத்தின் பெருமையைக் காட்டும் செய்தி இன்னும் ஒன்று உண்டு. திருமங்கையாழ்வார் அரங்கன் கோயிலுக்கு மதில் எடுப்பித்தார். அவர் கட்டிய திருச்சுற்று ஆலிநாடன் திருச்சுற்று என்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. மதில் நேரே செல்லுமாயின், தொண்டரடிப்பொடியார் மாலை தொடுக்கும் இடம் அழிந்துபோகும் நிலை ஏற்பட்டது. கோயில் மதிலுக்காக ஒரு தோட்டத்தை அழிப்பதைப் பெரும்பாலோர் குற்றமாகக் கருதார். திருமங்கையாழ்வாரோ மதிலை ஒதுக்கிக் கட்டுவித்தார். தொண்டரடிப்பொடியார் உள்ளம் குளிர்ந்து, தோட்டத்தில் தாம் நாளும் கையாண்ட கருவிக்கு அருள்மாரி என்று பெயரிட்டார். அது திருமங்கையாழ்வாருக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. அக்கருவி புல் செதுக்குவது என்பர் சிலர். பூக்கொய்வது என்பர் வேறு சிலர்.

மார்கழி வைகறையில் வைணவக் கோயில்களில் திருப்பாவையோடு அவருடைய திருப்பள்ளியெழுச்சியும் ஓதப்படுகின்றது. திருவரங்கத்தில், 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய மதுரகவி சுவாமிகள் என்னும் அடியவர் அமைத்த நந்தவனம் ஒன்று உள்ளது. அங்கே தொண்டு செய்வோர், இருள் பிரியுமுன் குடலையை எடுத்துக்கொண்டு செடிகளிடையே செல்கின்றனர். அவர்கள் தொடுக்கும் மாலைகள் அரங்கன் கோயிலுக்குச் செல்கின்றன.